பழைய கடகமும் பழுதான வண்டியும்: வீட்டுக் கோழி வளர்ப்பில் அவற்றைப் பயன்படுத்தும் முறை

முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கமக்காரர் வீடுகளின் கோடிப்புறத்தை நோக்கின், கைவினைப் பொருள்கள் பல பழுதடைந்து ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம். அடி கழன்ற கடகம், ஓரம் பிய்ந்த சுளகு, வாய் உடைந்த பானை, தேய்ந்த ஆட்டுக்கல், அச்சு முறிந்த மாட்டு வண்டி, உழவுக்குப் போகாத கலப்பை என்பன அவற்றுட் சில. 1950ஆம் ஆண்டுகளின் பின்னர் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களிற் பரவவே துலாவும் பட்டையும் வேலையிழந்தன. உழவு இயந்திரம் வந்தபின் ஏரும் நுகமும், அரைக்கும் ஆலை வந்தபின் உரலும் உலக்கையும் மூலைக்குச் சென்றன. பிளாத்திக்குக் கூடை மலிந்தபின் கடகத்தைப் பொத்திப் பாவிப்பாரும் குறைந்தனர்.

இப்பொருள்களை எரிப்பதற்கு முன்னர் வீட்டுக் கோழிகளுக்கு இவை உதவுமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று. 2022ஆம் ஆண்டில் இலங்கைக்கு ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கோழித்தீனி அருமையாகியது. பல பண்ணைகள் மூடப்பட்டன. முட்டை விலை ஏறியது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. அத்தகைய காலத்திற் பத்துக் கோழிகளை வளவில் வைத்திருக்கும் குடும்பம், பிள்ளைகளுக்கு முட்டை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஆயினும் அப்பத்துக் கோழிகளுக்காகப் பெரும்பணம் செலவிட்டுக் கம்பிவலைக் கூடு கட்டினால், அச்செலவை முட்டையால் மீட்பதற்கு நெடுங்காலம் செல்லும். கையிலுள்ள பழம்பொருளைக் கொண்டு தொடங்குவதே சிறுகமக்காரருக்கு ஏற்றது.

ஓலைப்பொருளின் சிறப்பு

பனையோலையாற் செய்த பொருள்களுக்குக் கோழி வளர்ப்பில் இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, அவற்றினூடே காற்றுச் செல்லும். தகரப் பெட்டியும் பிளாத்திக்குப் பெட்டியும் வெயிலில் வெம்மையடைந்து, உள்ளே ஈரத்தையும் அடைத்து வைக்கும். ஓலைப்பெட்டி அவ்வாறு செய்யாது. இரண்டாவது, அவற்றை எரித்துவிடலாம். கோழிக்கூட்டின் பெரும் பகை சிற்றுண்ணியாகும். அது பகலிற் பலகை வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் ஊர்ந்து வந்து கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். விலை கொடுத்துச் செய்த மரப்பெட்டியில் உண்ணி புகுந்தால் அதனை எறிய மனம் வராது. ஆதலால் உண்ணி பெருகும். பழங்கடகத்தையோ ஓர் அடை முடிந்ததும் வைக்கோலுடன் சேர்த்து எரித்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். நிலையான பெட்டியிலும் அழியும் பெட்டி மேலானது என்பது இவ்விடயத்தில் உண்மையாகின்றது.

ஆயினும், பழுதின்றி முழுமையாயுள்ள கைப்பொருளைக் கோழிக்கென்று கெடுத்தல் ஆகாது. நல்ல கடகமும் நல்ல சுளகும் இன்றும் விலை போகின்றன. அவற்றை முடையும் குடும்பங்கள் குடாநாட்டில் உள்ளன. 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் அத்தொழிலுக்கு ஆதரவளித்து வருகின்றது. பழுது பார்க்கக் கூடியதைப் பழுது பார்க்கவும். அதற்கு மிஞ்சியதையே கோழிக்கு விடவும்.

விலக்க வேண்டிய பொருள்கள்

வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகிய பயிர்களுக்குப் பூச்சிநாசினி மிகுதியாகத் தெளிக்கப்படுகின்றது. நாசினி கலந்த வாளி, அளந்த கோப்பை, நாசினி வந்த போத்தல், தெளிகருவியின் தாங்கி என்பவற்றை எவ்வளவு கழுவினும் தண்ணீருக்கோ தீனிக்கோ பயன்படுத்தலாகாது. நாசினியில் தோய்த்த விதை வெங்காயத்தைச் சுமந்த கடகமும், மருந்திட்ட விதைநெல் வைத்திருந்த சாக்கும் இவ்வாறே விலக்கற்பாலன. பழைய வாகன மின்கலப் பெட்டியில் ஈயம் உண்டு. பழங்காலத்து வர்ணம் உரியும் பலகையிலும் ஈயம் இருத்தல் கூடும். கோழி கொத்தித் தின்னும் இயல்புடையது. அது தின்ற நஞ்சு முட்டை வழியாக வீட்டாரின் உணவிலும் சேரும்.

மற்றொரு விலக்கும் உண்டு. அயல்வீட்டிலிருந்தோ சந்தையிலிருந்தோ கோழி வைத்திருந்த கூடையை இரவலாகப் பெறலாகாது. இராணிக்கெற் நோயின் வைரசு, நோயுற்ற கோழியின் எச்சம் பட்ட கூடையோடு ஊர் விட்டு ஊர் செல்லும். தடுப்பூசி பெறாத கோழிகளிடையே அது புகுந்தால் ஒரு கிழமைக்குள் வளவு வெறுமையாதலும் உண்டு. கூடை இலவசமாகக் கிடைத்தாலும் அதனால் வரும் நட்டம் பெரிது.

தூய்மை செய்தல்

தெரிந்தெடுத்த ஓலைப்பொருளை முதலில் நன்கு தட்டித் தூசி போக்கி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு மூன்று நாட்கள் கடும் வெயிலிற் காயவிட வேண்டும். கறையானும் கறுப்புப் பூஞ்சணமும் ஏறிய ஓலையை எரித்துவிடுதலே தக்கது. மரப்பொருளைச் சுரண்டி, வெடிப்புகளிலெல்லாம் இறங்கும்படி சுண்ணாம்பு நீர் இருமுறை பூச வேண்டும். சுண்ணாம்பு வெடிப்பை அடைப்பதால் உண்ணிக்கு ஒளிப்பிடம் குறையும். கடற்கரையூர்களிற் கிடைக்கும் பழைய மீன்கூட்டையும் பறியையும் பயன்படுத்துவோர் அவற்றை நன்னீரில் ஊறவிட்டு உப்பையும் மீன் நாற்றத்தையும் போக்குதல் வேண்டும். அல்லாவிடில் நாற்றத்திற்குக் கீரியும் மரநாயும் வந்து சேரும்.

முட்டையிடும் கடகம்

கோழி மறைவான, மங்கிய ஒளியுள்ள இடத்தை நாடியே முட்டையிடும். வாயகலம் 35 முதல் 40 சதமமீற்றரும் ஆழம் 25 முதல் 30 சதமமீற்றரும் உள்ள கடகம் ஒரு கோழிக்குப் போதுமானது. நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்கு ஒரு கடகம் என வைத்தல் பொருந்தும். அடி கழன்ற கடகமாயின் அடியிற் பழஞ்சாக்குத் துண்டொன்றை மடித்துப் பரப்பலாம். அதன்மேல் 5 சதமமீற்றர் தடிப்பிற் சுத்தமான மணலை இட்டு, நடுவிற் சிறிது குழித்து, காய்ந்த வைக்கோலை ஒரு சாண் அளவாக முறித்துப் பரப்புக. மணற் குழிவு இருந்தால் முட்டைகள் ஓரத்திற்கு உருளாமல் ஓரிடத்திற் சேர்ந்து கிடக்கும்.

நீரிறைக்கும் பட்டை கிழியாதிருப்பின் அதுவும் முட்டையிடும் கூடாக உதவும். அதன் வாயை ஒருபுறம் சற்றுச் சரித்து, தாழ்வாரத் தூணில் இடுப்பளவு உயரத்திற் கட்டிவிடின் நாய் எட்டாது. கோழி ஏறுவதற்கு ஒரு பனைமட்டையைச் சாய்த்து வைத்தல் வேண்டும். ஓரம் பிய்ந்த சுளகை மேலே கவிழ்த்துக் கட்டினால் மறைவும் கிடைக்கும். காகத்தின் கண்ணுக்கும் முட்டை தப்பும்.

அடை வைத்தல்

அடைக்கு வைக்கும் முட்டை ஏழு நாட்களுக்கு மேற்படாததாயிருத்தல் வேண்டும். கோடைகாலத்திற் பழைய அகன்ற பானையொன்றிற் பாதிக்கு மணல் இட்டு, அம்மணலை நீரால் நனைத்து, அதன்மேல் ஒரு சிறு சட்டியில் முட்டைகளை வைத்து, மெல்லிய துணியால் மூடுக. நனைந்த மணலிலிருந்து நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையை வைத்தல் நன்று.

நடுத்தர ஊர்க்கோழி 10 முதல் 12 முட்டைகளை நன்கு மூடி அடைகாக்கும். அதற்கு மிஞ்ச வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்து கெடும். ஏழாம் நாள் இரவில் மின்சூளின் முன் பிடித்துப் பார்க்கின், கருக்கூடிய முட்டையிற் சிவந்த நரம்புகள் சிலந்திபோல் விரிந்து தோன்றும். கருக்கூடாதது தெளிவாகத் தெரியும். அதனை நீக்கிவிடலாம். 21ஆம் நாளிற் குஞ்சு பொரிக்கும்.

அடையிருக்கும் கோழி தீனிக்காக நெடுநேரம் வெளியே அலைந்தால் முட்டை குளிரும். வங்காளதேசத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுள்ளனர். 'ஹாசோல்' எனப்படும் அகன்ற மண்பாத்திரத்தின் ஓரத்திலேயே தீனிக்கு ஒன்றும் தண்ணீருக்கு ஒன்றுமாக இரு சிறு கிண்ணங்களைச் சேர்த்துச் செய்கின்றனர். கோழி இருந்த இடத்திலிருந்தே உண்ணும். குடாநாட்டுக் கமக்காரரும் இதனை எளிதிற் செய்யலாம். வாய் உடைந்த பெரும்பானையின் கீழ்ப்பாதியை எடுத்து, உடைந்த ஓரத்தைக் கல்லில் உரைத்து மழுக்கி, மணலும் வைக்கோலும் இட்டு அடை வைக்கலாம். இரு சிரட்டைகளைக் கம்பியால் ஓரத்திற் கட்டிவிட்டால் தீனிக்கும் தண்ணீருக்கும் அவை போதும்.

வைக்கோலின் கீழே வேப்பிலை இடும் வழக்கம் நல்லதே. ஈரம் பிடிக்கும் முன் அதனை மாற்றிவிடுதல் வேண்டும். புகையிலைக் காம்பும் தூளும் பூச்சிக்கு நஞ்சாவதுபோலக் குஞ்சுக்கும் நஞ்சாகும். ஆதலால் பொரிக்கும் கடகத்திற் புகையிலை இடாதிருத்தலே பாதுகாப்பு.

குஞ்சுக்குக் கரப்பு

ஊர்க்கோழி வளர்ப்பில் மிகப் பெரிய நட்டம் முதல் நான்கு கிழமைகளிலேயே நேருகின்றது. காகமும் பருந்தும் கீரியும் குஞ்சுகளைக் கவர்கின்றன. எஞ்சியவற்றை மழையும் குளிரும் கொல்கின்றன. பன்னிரண்டு பொரித்து மூன்றே தப்பிய வீடுகள் பலவுண்டு. இந்நட்டத்தைத் தடுக்க முன்னோர் கண்ட கருவியே கரப்பு. பழைய கரப்பிற் சில ஈர்க்குகள் முறிந்திருப்பின் பனை நாராற் பொத்திக் கொள்க. இடைவெளி 2 சதமமீற்றருக்கு மேற்படலாகாது. கரப்பு இல்லாதவர் அடியற்ற பெருங்கூடையையோ பழைய மீன்கூட்டையோ கவிழ்த்துப் பயன்படுத்தலாம்.

முதற் கிழமை தாயையும் குஞ்சுகளையும் கரப்பினுள்ளேயே வைத்து, அதன் ஒரு பாதிமேல் பழம்பாய் போர்த்தி நிழல் செய்தல் வேண்டும். கரப்பை நாள்தோறும் புதிய நிலத்திற்கு நகர்த்துக. ஒரே நிலத்திற் கிடந்தால் எச்சத்தின் ஈரத்தில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி பெருகும். கீரி கவிழ்க்காதபடி மேலே ஒரு கல்லை ஏற்றி வைத்தல் வேண்டும். இரவில் தாயும் குஞ்சும் வீட்டுத் தாழ்வாரத்திற்கோ கூட்டிற்கோ வர வேண்டும்.

மூன்று நான்கு கிழமைகளின் பின்னர்ச் சிறகு முளைத்த குஞ்சுகளைக் கரப்பில் வைத்துக்கொண்டு தாயைப் பிரித்து விடலாம். குஞ்சோடு மூன்று மாதம் திரியும் தாய் அக்காலமெல்லாம் முட்டையிடாது. முன்கூட்டிப் பிரித்த தாய் விரைவில் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். ஒரு பழங்கரப்பினால் ஆண்டுக்கு ஓர் அடை முட்டை மிகுதியாகக் கிடைக்குமாயின் அது சிறு பயனன்று.

வண்டியும் துலாவும்: இராக்கூடு

பழைய மாட்டு வண்டியின் தட்டு கோழிக்கூட்டின் தளமாவதற்கு மிகவும் பொருத்தமானது. 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள தட்டு 12 கோழிகளுக்கு இரவில் தங்கப் போதிய இடமளிக்கும். அதனை நான்கு கால்களில் 75 சதமமீற்றர் உயரத்தில் நிறுத்துக. கால்களுக்குத் துலாவின் வைரம் பாய்ந்த பனைமரத் துண்டுகள் நல்லவை. அவற்றை எளிதிற் கறையான் அரிக்காது. பலகைகளிடையே 2 சதமமீற்றர் இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழும். கீழே உமி பரப்பி வைத்தால் அவ்வெச்சம் எருவாகச் சேரும்.

பக்கங்களைப் பனைமட்டையால் நெருக்கமாக வரிந்து, கூரையைக் கிடுகால் வேய்க. மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து மழை சாய்ந்து அடிக்கும். அப்பக்கத்தைப் பழம்பாயால் அடைத்து, வாயிலைத் தென்புறம் வைத்தல் நன்று. சோழகம் வீசும் மாதங்களிற் பாயைச் சுருட்டிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். ஓலைக்கூரையை ஆண்டுக்கொருமுறை மாற்றி, பழைய கிடுகை எரித்தல் வேண்டும்.

கோழி இரவிற் கம்பில் அமர்ந்து உறங்கும் இயல்புடையது. ஒரு கோழிக்கு 20 சதமமீற்றர் நீளம் வேண்டும். 2 மீற்றர் நீளமுள்ள ஏர்க்கால் பத்துக் கோழிகளுக்கு ஆகும். தேய்ந்த உலக்கையும் இதற்கு உதவும். அதன் பூணைக் கழற்றிவிடுக. உண்ணி தங்குவது பெரும்பாலும் இக்கம்பின் முனைகள் பொருந்துமிடத்திலேயே. ஆதலால் ஆணியடித்து இறுக்காமல், எடுத்து வெயிலிலிடக் கூடியவாறு கவைகளில் வைத்தல் வேண்டும்.

தண்ணீரும் தீனியும்

பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர் வரை தண்ணீர் அருந்தும். சித்திரை, வைகாசி வெயிலில் அது இருமடங்காதலும் கூடும். தேய்ந்த ஆட்டுக்கல் கனமுடையதாதலாற் கவிழாது. கல்லாதலால் நீர் குளிர்ந்திருக்கும். அதனை நிழலில் வைத்து நாள்தோறும் தேய்த்துக் கழுவுக. குஞ்சு விழுந்து இறவாதபடி குழியில் இரண்டு மூன்று கூழாங்கற்களை இடுதல் வேண்டும்.

வெடிப்பில்லாத மண்முட்டியாற் தானே நீர் நிரப்பும் பாத்திரமும் செய்யலாம். முட்டியின் விளிம்பிலிருந்து 2 சதமமீற்றர் தள்ளி ஒரு சிறு துளையிடுக. 4 சதமமீற்றர் உயர விளிம்புள்ள அகன்ற மண்தட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்க. முட்டியிற் துளைக்குக் கீழ்வரை நீர் நிரப்பி, தட்டை வாய்மேல் மூடி, இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். துளையின் மட்டத்திற்கு நீர் வந்ததும் காற்று உட்செல்லும் வழி அடைபடுவதால் நீர் நிற்கும். கோழி குடிக்கக் குடிக்க நீர் இறங்கும். முட்டி சாயாதபடி சுற்றிலும் மூன்று கற்களை முட்டுக் கொடுக்கவும்.

கோழியொன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி உண்ணும். வளவில் மேயும் கோழி அதிற் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். குறுணல், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, முருங்கையிலை என்பவற்றை மாலையிற் சிறிது கொடுத்தால் கோழி தவறாது கூட்டிற்கு வரும். முட்டையோடு உறுதிப்படுவதற்குச் சிப்பியை இடித்துக் கொடுக்க வேண்டும்.

தீனியைச் சேமிப்பதற்கு மட்டும் பழைய ஓலைப்பெட்டி ஏற்றதன்று. மாரி ஈரத்தில் தவிடும் பிண்ணாக்கும் பூஞ்சணம் பிடிக்கும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அதன் பின்னரே அந்நஞ்சு இன்னதென ஆராய்ந்து அறியப்பட்டது. மூடியுள்ள தகரத்திற் சிறிது சிறிதாக வாங்கி வைத்தலே தகும். கட்டிபட்டு மணம் மாறிய தீனியைக் கோழிக்கு இடாமற் குழியிற் புதைத்துவிடுக.

உண்ணியும் நோயும்

உடைந்த பானையின் அடிப்பாகத்தில் அடுப்புச் சாம்பலும் நுண்மணலும் சமமாகக் கலந்து, மழை படாத இடத்தில் வைத்தால் கோழிகள் அதில் தூளாடிப் பேனை உதிர்க்கும். கிழமைக்கொருமுறை இரவில் விளக்கோடு சென்று கம்பின் முனைகளையும் கடகத்தின் மடிப்புகளையும் பார்க்க வேண்டும். சிவந்த மணல்போல் அசைவன தென்படின் உண்ணி உண்டென அறிக. வெப்பமான காலத்தில் அது பத்து நாட்களுக்குள் ஒரு தலைமுறை பெருகும். உணவின்றியும் நெடுநாள் உயிர்வாழும். ஆதலாற் காலந்தாழ்த்தாது கடகத்தை எரித்து, கம்பை வெயிலிலிட்டு, தளத்திற்குச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

இராணிக்கெற் நோய்க்கும் கோழியம்மைக்கும் மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. அதனை எந்த வயதில், எத்தனை முறை இட வேண்டுமென்பதை அப்பகுதி அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டு நடத்தல் வேண்டும். கூடு எவ்வளவு நன்றாயினும் தடுப்பூசிக்கு அது ஈடாகாது. திடீரெனப் பல கோழிகள் ஒருங்கே இறப்பின் அவற்றை உண்ணவோ விற்கவோ கிணற்றருகில் எறியவோ கூடாது. ஆழப் புதைத்து அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும்.

தோட்டத்திற்குப் பயன்

கோழி தோட்டத்திற்குப் பகை என்று கூறுவோர் உளர். நட்ட வெங்காயப் பாத்தியிலும் கீரைப் பாத்தியிலும் அது புகுந்தால் அக்கூற்று மெய்யே. அறுவடை முடிந்த பாத்தியில் கரப்பில் வைத்துவிட்ட கோழியோ, புழுவையும் கூட்டுப்புழுவையும் களை விதையையும் கொத்தித் தின்று நிலத்தைக் கிளறிக் கொடுக்கும். கோழியெரு மாட்டெருவிலும் தழைச்சத்து மிக்கது. பச்சையாக இட்டால் பயிர் கருகும். உமியோடும் இலைகுழையோடும் சேர்த்துக் குவித்து, இரண்டு மாதங்கள் மக்கவிட்டே இடுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயன வளமாக்கி இறக்குமதி தடைப்பட்டபோது எருக்கும்பி வைத்திருந்தோருக்கே அதன் அருமை நன்கு விளங்கியது.

தொடங்குங் காலம்

இவற்றைத் தொடங்குவதற்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. காலபோக நெல் அறுவடையாகி வைக்கோலும் உமியும் குறுணலும் மலிந்திருக்கும். மாரி மழையும் ஓய்ந்திருக்கும். அதற்கு முன்னரே கோடிப்புறத்திற் கிடப்பவற்றைத் தெரிந்து, கழுவிக் காயவைத்து ஆயத்தஞ் செய்துகொள்க. முதலாண்டில் ஒரு சேவலும் நான்கு கோழிகளும் போதும். இரண்டு கடகமும் ஒரு கரப்பும் ஒரு மண்முட்டியும் அவற்றுக்குப் போதிய தளபாடமாகும். குஞ்சுகள் தப்பிப் பெருகிய பின்னர் வண்டித்தட்டிற் கூடு அமைக்கலாம். ஒவ்வோர் அடைக்கும் வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, ஒரு மாதத்தின் பின் தப்பிய குஞ்சு என்னும் மூன்று எண்களை ஒரு கொப்பியில் எழுதிவரும் வீட்டார், எந்த இடத்தில் நட்டம் நேருகின்றது என்பதைத் தாமே கண்டு திருத்திக் கொள்வர்.